கிணற்றில் இறங்கும் முன் குடித்த டீ

போன வருடம் ஐப்பசி மழையில், எருமப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக் கிணறு மேல்படி வரை நிறைந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்டு என் நாத்தனாரின் பேத்தி, முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கிப் பழக, கற்றுக்கொடுக்கும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பது வயதிலிருந்தே அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசிதான்.

புது ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சே வராது. ஆனாலும் அவள் கையில் வட்டமாக ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இது என்ன சாமி?"

"சர்க்கரையைக் காட்டுறதுங்க அம்மாயி. தண்ணிக்குள்ள போயிட்டா பார்க்க முடியாது. அதனால எறங்கறதுக்கு முன்னாடியே மூணு தடவை விரலைக் குத்திப் பார்த்துக்குவேன்."

முதல் தடவை பார்த்துவிட்டு, கொஞ்சம் கம்மி என்று இனிப்பாக ஒரு டீ கேட்டாள். எனக்கும் பல வருடமாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுகிறேன். இனிப்பைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் சர்க்கரைக்குப் பதிலாக என் டீயில் நான் போட்டுக்கொள்ளும் இனிப்பு மாத்திரையில் இரண்டைப் போட்டுக் கொடுத்தேன்.

"டீ பாயசமாட்ட இருக்குதுங்க" என்று குடித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாம் தடவை குத்தியபோது ஏறவில்லை. மூன்றாம் தடவை, சிலிண்டரையும் மாட்டிக்கொண்டு பார்த்தால் இன்னும் இறங்கியிருந்தது.

"அவ்வளவு இனிப்புக் குடிச்சனே? மெஷின்தான் கோளாறு போல" என்றாள்.

"கம்மியானா என்ன ஆகும் சாமி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"உள்ள மயக்கம் வந்தா வாயில இருக்கற குழாய் நழுவிருமுங்க. அப்பறம் எங்க மேல வாரது?"

முந்தானையைப் பிசைந்துகொண்டே சொன்னேன். "அதுல சர்க்கரையே போடல சாமி. எம்பட இனிப்பு மாத்திரையத்தான் போட்டேன்."

இருவரும் என்னையே பார்த்தார்கள். அந்த அக்கா உடனே அவள் முதுகிலிருந்த சிலிண்டரைக் கழற்றினார். பிள்ளை படியில் உட்கார்ந்து, குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டாள்.

"ஏனுங்க அம்மாயி, உங்க கெணத்துக்கு என்னையக் காவு குடுக்கப் பார்த்தீங்களா?" என்று சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று அவளை இறங்க விடவில்லை. மறுநாள் சர்க்கரை ஏறி நின்ற பிறகுதான் முங்கினாள். அவள் தலை மேலே வரும்வரை நான் நீர்க்குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொன்ன பத்தியம் அவளுக்கும் பொருந்தும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் யாருக்காவது நல்லது செய்யத் தோன்றினால், கூச்சமாக இருந்தாலும் முதலில் அவர்களையே ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.