மேல்வயலில் ஒரு சிறுபோகம்

நாலந்தாவைத் தாண்டி, பெரிய ரோட்டை விட்டு இரண்டு மைல்கட்டை உள்ளே போனால் ஒரு சின்னக் குளம் வரும். அதன் மதகைத் திறந்தால் முதல் தண்ணீர் பாய்வது யாகூப் நானாவின் மேல்வயலுக்கு. அறுபத்து மூன்று வயது மனுசர் அந்தப் பெருமையிலேயே கழுத்தை நிமிர்த்தி நடப்பார். மனைவி ஜெஸீமா மௌத்தாகி ஆறு வருஷம். ஒரே மகன் அம்ஹர் கட்டாரில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தால், அடுத்த ஜும்ஆ வரைக்கும் அவரோடு நின்று பேச ஆளில்லை. இது பெரிய கஷ்டம் என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டுமே.

போன வருஷம் மாரிகாலப் பெரும்போக மழை கைவிட்டது. முன்பு எப்போதாவது ஏமாற்றிய மழை இப்போது அடிக்கடி ஏமாற்றுகிறது; பெய்தாலும் வேண்டாத மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்குக் குளத்தில் அரைவாசித் தண்ணீர்தான். விவசாயப் போதனாசிரியர் பிரசாந்தி கூட்டம் வைத்து, பெத்ம போடலாம் என்றார். பெத்ம இந்தப் பக்கத்து வழக்கம்: தண்ணீர் குறைந்த போகத்தில் மதகுக்குக் கிட்டவுள்ள வயல்களை மட்டும் விதைத்து, அவற்றையே எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது. நெல்லுக்குப் பதிலாகப் பயறு போட்டால் தண்ணீர் தாராளமாகப் போதும் என்றும் சொன்னார்.

யாகூப் நானாவுக்குச் சுருக்கென்றது. “என்ட வயல்ல ஊரே எறங்கி மிதிக்கவா?” என்று எழுந்து நின்றார். அவருக்காக ஒரு கையும் உயரவில்லை.

அவருடைய வயலைத் தும்புக்கயிறு கட்டி ஐந்தாகப் பிரித்தார்கள்; ஒரு துண்டு அவருக்கு, மற்றவை வேறு நாலு பேருக்கு. பக்கத்துத் துண்டு நோபர்ட்டுக்கு. நோபர்ட்டின் சொந்த வயல் வாய்க்காலின் கடைசியில், முக்கால் கட்டை தள்ளி இருக்கிறது. அந்த மனுசரின் வாய்க்கு லீவே கிடையாது. மழை, மாடு, மச்சானின் கல்யாணம் என்று தன்பாட்டில் பேசிக்கொண்டே கொத்துவார். முதல் கிழமை யாகூப் நானா முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார். இரண்டாம் கிழமை, நானா பயறை நெருக்கி விதைத்துவிட்டார், காற்றுப் போக வழியில்லை என்று நோபர்ட் குறை சொல்ல, அரைநாள் சண்டை நடந்தது. அன்று பொழுதுபட, அரிசி கழுவும்போதே நாளைக்கு என்ன பதில் கொடுப்பதென்று யாகூப் நானா யோசித்துக்கொண்டிருந்தார். ஜெஸீமாவுக்குப் பிறகு அவரோடு சண்டை பிடித்த முதல் ஆள் நோபர்ட்தான்.

அதன்பிறகு விடிகாலையில் சுபஹ் தொழுததும் வயலுக்கு வந்துவிடுவார். நோபர்ட்டின் மனைவி தெரேசா ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தனுப்புவார். அம்ஹர் அனுப்பிய பேரீச்சம்பழத்தை இவர் கொண்டுபோவார். மருதமரத்தடியில் ஐந்து பேரும் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்ப்பார்கள். தன் வயலில் ஊர் இறங்கி மிதிக்கிறதே என்ற எரிச்சல் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

பயறு நன்றாகக் காய்த்தது. இரண்டு தடவை காய் பிடுங்கி முடிந்த பிறகும், மூன்றாம் தடவை பார்க்கலாம் என்று யாகூப் நானா ஒற்றைக்காலில் நின்றார்.

“இதுக்கு மேல செடியத்தான் புடுங்கணும், நானா” என்று நோபர்ட் சிரித்தார். மறுநாள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

அடுத்த பெரும்போகத்தில் மழை அடித்து ஊற்றியது. குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வான் வழியே பாய்ந்தது. ஊரே அணைக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. இது இவ்வளவு நிரம்பியிருக்க வேண்டாமே என்று யாகூப் நானாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. விவசாயிக்கு வரக்கூடாத நினைப்பு. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு, அஸ்தஃபிருல்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். அந்தப் போகம் முழுக்க நோபர்ட் சைக்கிளில் போகும்போது மணி அடித்துவிட்டுப் போவார். அவருக்கும் அவருடைய வயலில் வேலை இருந்தது.

இந்த வருஷச் சிறுபோகக் கூட்டத்தில் பேச்சு சீக்கிரம் முடிந்தது. தண்ணீர் தாராளம், அவரவர் தங்கள் வயலில் நெல் விதைக்கலாம் என்று தீர்மானமானது. எல்லோரும் எழும்பும் நேரத்தில் யாகூப் நானா, “இந்த முறையும் பெத்ம போட்டா என்ன?” என்று கேட்டார்.

மண்டபமே சிரித்தது. மேல்வயல்காரருக்கு இப்போதுதான் இரக்கம் பிறந்திருக்கிறது என்று நோபர்ட் சொல்ல, இன்னொரு தடவை சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆட்கள் கலைந்த பிறகு, கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்த பிரசாந்தியிடம் போனார்.

“மிஸ், வார பெரும்போகத்துக்கு மழ எப்பிடி? போன முறைக்கு முந்தின முறை மாதிரி கொறஞ்சு போகுமா?”

பிரசாந்தி நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு வயலைப் பங்கு போடச் சொன்னபோது இந்த மனுசர் எழுந்து நின்று கத்தியது அவருக்கு நினைவிருந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

“உறுதியா சொல்ல முடியாதுங்க, நானா. ஆனா பயப்படாதீங்க. மழை கூடுதலாத்தான் இருக்கும்னு சொல்றாங்க. உங்க வயல இனி யாருக்கும் பிரிச்சுக் குடுக்க வேண்டி வராது.”

நல்ல செய்தி கேட்டால் சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது. யாகூப் நானா அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மதகுப் பக்கமாக வீட்டுக்கு நடந்தார்.