மச்சான் கையில் கொடுக்கிற கயிறு

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள், நடுநடுவே சிரிக்கவும் செய்கிறாள். சிரிக்கட்டும். போன மாதம் அவளுக்குச் சிரிப்பே வரவில்லை.

அவளுக்கு வேலை, ஆபத்துக்குக் கணக்குப் பார்ப்பது. நடுக்கடலில் மேடை போட்டு எண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்களே, அங்கே எதெது கெட்டுப்போகலாம், அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கம்ப்யூட்டரில் போட்டுச் சொல்ல வேண்டும். என் மகன், அவளுடைய தம்பி, அப்படி ஒரு மேடையில் கிரேன் ஓட்டுகிறான். அவன் பிள்ளை என் இடுப்பில்தான் வளர்கிறது. என்னைப் போலவே வாயாடி, இன்னும் பேச்சுதான் வரவில்லை.

லீவுக்கு வந்த இடத்திலும் மகள் கம்ப்யூட்டரை விடவில்லை. ஒரு நாள் காலையில் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"எம்மா, தம்பி ஒரு போட்டோ அனுப்பிருக்கான். பின்னால கிணத்து நம்பர் தெரியுது. நா பாத்துக்கிட்டு இருக்க கணக்கு அந்தக் கிணறுதாம்மா."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நல்லதாப் போச்சுளா! எவனோ பாக்கதுக்கு நீயே பாத்திரலாம்லா."

"அதாம்மா கூடாது. ஆபீஸ்ல சொல்லி வேற ஆளுகிட்ட கொடுத்திரணும்."

கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டேன். எங்கள் கரையில் சங்கு குளிக்கக் கடலில் முங்குகிறவன், படகிலிருந்து தன்னைத் தூக்குகிற இடுப்புக் கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டான், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பான். தங்கச்சி தாலி அறுக்க எந்த மச்சானும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. இவளோ தம்பி கயிற்றை ஊர் பேர் தெரியாதவனிடம் கொடுக்கப் பார்க்கிறாள்!

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். மொட்டை மாடிக்கு ஏறிக் கடலைப் பார்த்தேன். துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் முறைக்குக் காத்துக் கிடந்தன. மகன் இருப்பது எங்கள் கடலே இல்லை, எங்கேயோ வடக்கே. தெரிந்தும் பார்த்தேன். இறங்கி வந்து மகளிடமே கேட்டேன்.

"அப்படி என்னதாம்ளா கணக்கு?"

"கிணறு பொங்குனா மூடதுக்கு ரெண்டு வால்வு இருக்கும்மா. ஒண்ணு நூறு தடவையில ஒரு தடவ மூடாமப் போகும்னு வையி. ரெண்டாவதும் அப்படித்தான். நூற நூறால பெருக்குனா, ரெண்டும் சேந்து கைவிடது பத்தாயிரத்துல ஒண்ணு."

"அந்த ஒண்ணு என்னைக்கு வரும்?"

"அது கணக்குக்குத் தெரியாதும்மா."

"பொறவு என்ன கணக்கு!"

அவள் கோபப்படவில்லை. "ஒரே ஆளுவ ரெண்டையும் மாட்டிருந்தா, ஒண்ணுல விட்ட தப்ப அடுத்ததுலயும் விட்டிருப்பாவ. அப்ப இப்படிப் பெருக்கது செல்லாது. நேத்து வரைக்கும் எனக்கு இது தோணல. தம்பி இருக்கான்னு தெரிஞ்ச பொறவு எல்லாம் ஆபத்தாத் தெரியுது. நெசமாவே இருக்கா, என் பயமான்னு பிரிக்க முடியல."

நான் மறுபடியும் மச்சான் கதையை எடுத்தேன். வலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர் அவர்.

"ஒங்க அண்ணன் கயித்தப் புடிச்ச அன்னைக்கெல்லாம் நா கடல் தரையத் தொட்டதே இல்ல. மீனு ஒரசுனாக்கூட மேல தூக்கிருவாரு. தங்கச்சி மேல பாசமாம்! பை காலியாத்தான் வீட்டுக்கு வரும்."

"ஆளு முழுசா வந்து சேந்திய இல்லா?"

"வந்தேன், வந்தேன். பட்டினியா வந்தேன்."

மகள் இதற்குச் சிரிக்கவில்லை. "நானும் மாமா மாதிரித்தான் இழுக்கேனோ என்னமோ," என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தம்பி அங்கே இருப்பதை ஆபீஸில் சொல்லிவிட்டாள், தன் பயங்களையும் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தாள். கணக்கு வேறு ஒருத்தருக்குப் போயிற்று.

"அவருக்கு அங்கன சொந்தக்காரங்க யாரும் இருக்காவளா?"

"இருக்கப்படாதும்மா. அதுக்குத்தான் அவரு."

முகம் தெரியாத அந்த மனுஷனுக்காக மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினேன். அவருடைய பெண்டாட்டியோடு அவருக்குச் சண்டை வரக்கூடாது, சளி பிடிக்கக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேண்டிக்கொண்டேன். தினமும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எம்மா, நீ பாக்கதப் பாத்தா எனக்கே பயமாருக்கு," என்று விரட்டினாள்.

ஒரு வழியாகப் பதில் வந்தது. அவள் பயந்து எழுதியதில் பாதியை அவர் அடித்துவிட்டாராம். வால்வு விஷயத்தை மட்டும் அடிக்கவில்லை. இரண்டையும் மாட்டியது ஒரே ஆட்கள்தான். வேறு ஆட்கள் வந்து ஒன்றைக் கழற்றிச் சோதிக்கும் வரை கிணற்றில் கை வைக்கக்கூடாது என்று எழுதிவிட்டார்.

மறுநாள் மகன் கூப்பிட்டான்.

"எம்மா, எவனோ கரையில ஏசியில உக்காந்து கணக்குப் போட்டு எங்க கிணத்த நிறுத்திட்டான். சும்மா கெடக்கோம்."

"வால்வக் கழத்திட்டாவளாலே?" என்று வாய் விட்டுவிட்டேன்.

"வால்வா? ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

மகள் கையை ஆட்டி ஆட்டி, தன் பேச்சை எடுக்க வேண்டாம் என்றாள்.

"டிவில சொன்னாம்ல."

"எங்க கிணத்தப் பத்தி டிவிலயா?"

அவன் ஏச ஆரம்பித்தான். வேலை இல்லாமல் கிடந்து ஏசுகிற அந்தச் சத்தம் எனக்குத் தேனாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏசட்டும் என்று போனை இடுப்பிலிருந்த அவன் பிள்ளையின் காதில் வைத்தேன்.