டி பிளாக் மஞ்சள் தாவணி

பழைய கணினிக்குப் புது பிராசசர் அட்டை மாட்டுவது கிழட்டு மாட்டுக்குச் சலங்கை கட்டுவது போல என்றாள் என் மனைவி. அவள் பேச்சைக் கேட்டிருந்தால் என் நண்பனின் கல்யாண நாள் ஒழுங்காக முடிந்திருக்கும்.

நண்பன் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸிலேயே குடித்தனம் நடத்துகிறான். அவனுடைய வாலிப வயதில் துபாய் மாமா கொடுத்த வீட்டுக் கணினி, வைக்க இடமில்லாமல் பருத்திப்பட்டில் என் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு உயிர் கொடுத்த பெருமை என்னுடையது. ஐடி கம்பெனியில் பகலெல்லாம் மீட்டிங் போடுகிறவனுக்கு வேறென்ன பெருமை?

வேகம் போதாமல் நான் மாட்டிய அட்டையில் கேஷ் என்று ஒரு குட்டி நினைவகம் உண்டு. அதற்கு இரண்டு முறைகள். முதல் முறையில், எதை மாற்றினாலும் உடனே பெரிய நினைவகத்திலும் எழுதிவிடும்; மெதுவாகப் போகும். இரண்டாவதில், மாற்றத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு "அப்புறம் எழுதிக்கலாம்" என்று இருக்கும், இடம் நிரம்பினால்தான் முதலில் வந்ததை வெளியே எழுதும்; வேகம் பறக்கும். ஆனால் எங்கள் ஹார்ட் டிஸ்க் அட்டை பிராசசரைக் கேட்காமல் நேரே பெரிய நினைவகத்தில் கை வைக்கிற ரகம். கேஷில் இருக்கும் புதுசு அதற்குத் தெரியாது. பழசையே அள்ளிப் போய் டிஸ்கில் எழுதிவிடும். இரண்டாவது முறை வேண்டாம் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் அதைத்தான் போட்டேன்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு முன்னால் நண்பன் வந்தான். அந்தக் கணினியில் அவன் எப்போதோ வரைந்த வாழ்த்துப் படம் ஒன்று இருந்தது. ரோஜா, இதயம், மேலே புள்ளி புள்ளியாக ஒரு வரி: "டி பிளாக் மஞ்சள் தாவணிக்கு."

"மச்சான், மேல இருக்க வரிய மட்டும் மாத்தணும். இத்த அந்தக் காலத்துலயே உனக்காவத்தான் வரைஞ்சேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கீறேன்."

"அவங்க எந்த பிளாக்?"

"அவ அம்பத்தூருடா. எங்க குவார்ட்டர்ஸ் டி பிளாக்கு மேட்டர் தெரிஞ்சா ஊட்டுக்குள்ளயே சேக்க மாட்டா."

ரோஜாவுக்கு இலை சேர்த்தான். இதயத்தைப் பெரிதாக்கினான். கடைசியில் அந்த வரியை அழித்து "என் ராசாத்திக்கு" என்று எழுதி சேவ் செய்தான். திரையில் எல்லாம் சரியாக இருந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. திரையில் தெரிவதை நம்பும் முட்டாளுக்கும் ஐடியில் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கல்யாண நாளன்று சாயங்காலம் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். பஜ்ஜித் தட்டை அவள் கையில் கொடுத்து, கணினியைப் போட்டேன். புது இலைகளோடு ரோஜா. பெரிய இதயம். கடைசியாகத் தொட்ட வரி மட்டும் கேஷோடு போய்ச் சேர்ந்திருந்தது.

"டி பிளாக் மஞ்சள் தாவணிக்கு," என்று அவள் சத்தமாகப் படித்தாள்.

நண்பன் முகம் செத்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று காட்ட, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன்.

"தங்கச்சி, இவன் மாத்திட்டான். பார்க்கவும் புதுசாத்தான் தெரிஞ்சது. ஆனா உள்ள பழசு அப்படியே இருந்திருக்கு."

"நல்லா புரியுதுண்ணே," என்றாள். தட்டைக் கீழே வைத்தாள். "இப்ப இன்னா பண்ணா உள்ளயும் மாறும்?"

"முதல் முறைக்கு மாத்தணும். மெதுவாப் போகும். ஆனா அப்பப்போ எழுதிடும்."

"மெதுவாவே போவட்டும்."

மாற்றினேன். நாற்காலியை இழுத்து அவனை உட்கார வைத்தாள். பழைய வரியை அவனே அழித்தான்.

"ராசாத்தின்னு போடட்டா?" என்றான், தலை நிமிராமல்.

"வேணாம். 'அம்பத்தூர்காரிக்கு'ன்னு போடு."

புள்ளி புள்ளியாக வைத்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. சேவ் செய்தோம். அணைத்துப் போட்டோம். வரி அப்படியே நின்றது. அவள் கிட்டே போய் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

"அம்பத்தூர்ல வேற எவளும் இல்லியே?"

"இல்ல" என்று சொல்ல அவன் ஒரு நொடி அதிகமாக எடுத்துக்கொண்டான். பஜ்ஜி எடுத்து வருகிறேன் என்று நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.