தலைக்கு ஊற்றிய பிறகு எடுத்த படங்கள்

ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து பஞ்சாலைக்குப் போன பெண்களில் பரிபூரணம் அக்காவின் நடை தனியாகத் தெரியும். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, சங்கு ஊதுவதற்கு முன்பே மில் கேட்டைத் தாண்டிவிடுவாள். நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் அவள் பார்க்கும் மிஷினில் நூல் அறுந்து கிடந்து யாரும் பார்த்ததில்லை. முடிச்சுப் போட்டு விடுவதற்குள் பக்கத்தில் நிற்பவளை ஒரு கிண்டலும் பண்ணி முடித்திருப்பாள்.

அப்படிப்பட்டவள் தொண்ணூற்று ஏழாம் வருஷம் மிஷின் ஓரத்தில் அடிக்கடி சுருண்டு உட்கார ஆரம்பித்தாள். நெஞ்சு திடீரென்று கிளம்பி ஓடும். கண் இருட்டும். பிறகு கிளம்பிய மாதிரியே சட்டென்று நின்றுவிடும். பிள்ளை உண்டாகியிருந்தபோதும் இப்படி வந்து படுத்தியதுண்டு. அப்போது அதை மசக்கை என்று விட்டுவிட்டார்கள்.

இந்தத் தடவை அப்படி விட முடியவில்லை. தற்காலிகமாக இருந்தவர்களில் சிலரை மில்லில் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அக்காவின் பெயரும் அதில் இருந்தது. ஆனால் உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். ஷிப்ட் மேஸ்திரி சேதுபதி கெட்டவர் இல்லை. இன்னொரு தரம் மிஷின் பக்கத்தில் சாய்ந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மில் டிஸ்பென்சரியில் இ.சி.ஜி. மிஷின் கிடையாது. சீட்டு எழுதி வெளியே அனுப்புவார்கள். அக்கா போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும் அப்படியே. நரம்புத் தளர்ச்சி என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். படம் நல்லபடியாக வர வர அக்காவின் பாடுதான் மோசமானது. நெஞ்சில் கோளாறு இல்லையென்றால் அவள் மயங்குவது நடிப்பு என்றுதானே ஆகும்? சேதுபதியே ஒருநாள், வேலை கஷ்டமாக இருந்தால் நேராகச் சொல்லிவிடலாமே என்று கேட்டார். அன்று முழுவதும் அவள் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

கூட வேலை பார்க்கும் ஒருத்தி சொல்லித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாக ஆஸ்பத்திரி வைத்திருந்த ஞானரத்தினம் டாக்டரம்மாவிடம் போனாள். அந்த அம்மாள் பழைய படங்களைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார்.

“படபடப்பு என்னைக்கு வரும்?”

அக்கா வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “வீட்டுக்குத் தூரமாகுறதுக்கு முந்தி வரும். தூரமான அன்னைக்கும் வரும்.”

“இந்தப் படமெல்லாம் என்னைக்கு எடுத்தது?”

“தலைக்கு ஊத்துன பொறவு.”

“எல்லாமேவா?”

“ஆமா. தூரத்துல தின்ன மருந்து பலிக்காதுன்னு அத்தை விடமாட்டாக. இன்னைக்கும் தலைக்கு ஊத்திட்டுத்தான் வந்திருக்கேன்.”

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். திருடன் ஊரை விட்டுப் போன பிறகு வீட்டைச் சோதனை போட்ட மாதிரி இருக்கிறது என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். பெண்ணின் உடம்பில் மாதம் முழுக்க இரண்டு சுரப்புகள் ஏறி இறங்குகின்றன. விலக்கு நெருங்கும் நாட்களில் ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. அதற்குக் கொஞ்சம் முன்வரை புரோஜெஸ்டிரோன் ஓங்கி நிற்கிறது. சில பெண்களுக்கு இதயத்தில் பிறவியிலேயே மின்னோட்டத்துக்கு ஒரு குறுக்குப் பாதை இருக்கும். மற்ற நாட்களில் அது சும்மா கிடக்கும். சுரப்புகள் மாறுகிற நாட்களில் ஓட்டம் அதில் புகுந்து ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கும். ஏன் என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை, இப்போதுதான் இதைப் பற்றி எழுதவே ஆரம்பித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். கர்ப்பத்தில் வந்ததும் இதே வகைதானாம்.

“துடிக்கும்போது வாங்க. குளிக்காம, அப்படியே வாங்க” என்று அனுப்பினார்.

அடுத்த மாதம் விலக்கான அன்று மில்லுக்கு லீவு. அக்கா பின்கட்டில் பாயில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு கிளம்பியது. எழுந்து செருப்பை மாட்டினாள். மாமியார் அழகுத்தாய் நிலைப்படியில் வந்து நின்றுகொண்டாள். மகன் லாரியில் பஞ்சு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்ததால் வீட்டுச் சட்டம் அன்று முழுக்க அவள் கையில் இருந்தது.

“ஏட்டி, இந்தக் கோலத்துலயா பஸ் ஏறப் போற?”

“மில்லுக்கு இதே கோலத்துலதான போறேன் அத்தே. அப்பம் ஒண்ணும் சொல்லலையே.”

“அது சோறு. இது மருந்துல்லா? அங்க சாமி படமெல்லாம் மாட்டியிருப்பாகளே.”

“ஏசு படந்தான் இருக்கு.”

“ஏன், அவரு சாமி இல்லையோ?”

அக்கா பதில் சொல்ல நிற்கவில்லை. நின்றால் துடிப்பு நின்றுவிடும் என்ற பயம் அவளுக்கு. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அது நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே திட்டிக்கொண்டு அழகுத்தாயும் வந்தாள். தனியாக விடவும் மனசில்லை, தொடவும் முடியாது. அதனால் நாலு முழம் தள்ளியே நடந்தாள். பஸ்ஸிலும் தனி ஸீட்டில் உட்கார்ந்து, தன் டிக்கெட்டைத் தானே எடுத்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது அக்காவுக்குக் கண் இருட்டிக் கால் பிசகியது. விழுந்திருப்பாள். அழகுத்தாய் பாய்ந்து வந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில், மருமகளின் முதுகு வழியாக, அந்தத் துடிப்பு அவள் உள்ளங்கைக்கே தெரிந்தது. பயந்துபோனாள்.

“என்னட்டி இது, கோழிக்குஞ்சைப் பிடிச்ச மாதிரி அடிக்குது? இத்தனை மாசமும் இப்படியா அடிச்சது?”

அக்கா தலையை ஆட்டினாள்.

“நட, நட. சாயங்காலம் நானும் தலைக்கு ஊத்திக்கிடுதேன்” என்று சொல்லி, ஆஸ்பத்திரி வரைக்கும் கையை விடவில்லை.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா அக்காவின் கழுத்தில் ஓரிடத்தைத் தேடி விரலால் அழுத்தித் தேய்த்தார். நெருக்கியடித்து வந்த கோடுகள் சட்டென்று ஓய்ந்து, ஒரு இடைவெளி விட்டு, சாவகாசமாக வரத் தொடங்கின. இதயம் பலமாகத்தான் இருக்கிறது, ஓட்டத்தில்தான் கோளாறு, மாத்திரையில் அடக்கிவிடலாம், வேலைக்குத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார். அழகுத்தாய் குறுக்கே புகுந்து, தூரத்துல தின்னா பலிக்குமா என்று கேட்டாள். தூரத்தில்தான் ரொம்பப் பலிக்கும் என்றார் டாக்டரம்மா.

மில்லில் சேதுபதி அதைப் படித்துவிட்டு, இதை ஏன் முதலிலேயே கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டார். ஆண்கள் நாலு பேர் நின்றார்கள். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

“நெஞ்சு ஓடுறது வீட்டுக்குத் தூரமாகுற சமயத்துல சார். அப்பம் மில்லுக்கு விடுவாக, ஆஸ்பத்திரிக்கு விடமாட்டாக. ஓடாத அன்னைக்குப் போயிப் போயிப் படம் எடுத்தோம்.”

சேதுபதி காகிதத்தை மடித்து ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினார். அந்த வருஷமே அக்கா பெர்மனென்ட் ஆனாள். மாத்திரையை மீறி எப்போதாவது துடிப்பு எட்டிப் பார்க்கும். மிஷினை விட்டு விலகி உட்கார்ந்து, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி மூச்சைப் பிடித்து முக்கி, அடக்கிவிட்டு எழுந்துவிடுவாள்.

ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்த பிறகு, நெஞ்சு கொஞ்சம் படபடத்தாலே நாடியைப் பிடித்துப் பார்க்கிறவளாக நான் ஆகிவிட்டேன். அப்போதெல்லாம் அக்காவின் வீடுதான் நினைவுக்கு வரும். பின்கட்டுப் பாய் அதற்குப் பிறகும் அங்கேயேதான் கிடந்தது. அழகுத்தாய் அதை எடுக்கவில்லை. ஆனால் மாதா மாதம் அந்த நாட்களில் அவள் ஒரு செம்புத் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுபோய் மருமகள் கையிலேயே கொடுப்பாள்.

“ஏட்டி, அடிக்குதா? அடிச்சா சொல்லு. சேலையை மாத்திட்டு வாரேன், ஒரே ஸீட்டுல போவோம்.”