மங்கி எரிய வேண்டிய மின்குமிழ்

என் கணவர் இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் வீட்டில் ஒரு மின்குமிழ்கூட மாற்றியதில்லை. நான் ஏணியில் ஏறினால் கீழே பிடித்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை தானாக முன்வந்து ஒரு குமிழை மாற்றினார். அதனால் நான் ஒரு நல்ல மனிதரின் ஆம்பிளிஃபயர் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்தது ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயம் வைக்கும் வேலை. தொழிற்சாலையை மூடினார்கள், கைப்பழக்கம் மட்டும் என்னோடு வந்துவிட்டது. இப்போது காலையில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மற்ற நேரமெல்லாம் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள நிலவறையில், நாங்கள் கெல்லர் என்று சொல்லும் இடத்தில், பழைய பவர் ஆம்பிளிஃபயர்களோடு கிடப்பேன். பாட்டை வாசிக்கும் பெட்டியிலிருந்து வரும் சின்னச் சமிக்ஞையை வாங்கி, பெரிய ஸ்பீக்கர்களை உலுக்கும் பலத்தைக் கொடுப்பவை இவை. எழுபதுகளில் வசதியான வீடுகளுக்கென்று செய்தவை, ஒவ்வொன்றும் முப்பது கிலோ கனக்கும். அவற்றைத் தூக்கிக்கொண்டு வரும் ஜெர்மன்காரர்கள் என்னைப் பார்ப்பார்கள், பிறகு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். ‘உங்கள் கணவர் இல்லையா?’ என்று கேட்பார்கள். ‘மேலே மீன் வெட்டுகிறார், கூப்பிடவா?’ என்பேன்.

இந்த ஆம்பிளிஃபயர் எங்கள் கோவிலுக்கு வரும், மன்னார் ஊரைச் சேர்ந்த அண்ணை ஒருவருடையது. சொந்தக்காரர் இல்லை, ஆனால் எல்லோருக்கும் அண்ணை. முப்பது வருடம் இரும்பு அடிக்கும் ஆலையில் நின்றவர். அதைச் சாமான் வண்டிலில் வைத்து, கீழே தலையணை போட்டு, மேலே போர்வை போர்த்தி, வருத்தக்காரரைக் கூட்டிவருவதுபோல் கொண்டுவந்தார்.

“ஒரு பக்கம் கரகரத்துக்கொண்டு இருந்தது, பிறகு ரெண்டு பக்கமும் நிண்டுபோச்சு. தங்கச்சி, எனக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாப் போகுது. டொக்டர் சொல்லிப்போட்டார். இருக்கிற மட்டும் இதிலை கேக்கவேணும், அதுதான் ஆசை.”

இருந்த வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் திறந்தேன். உள்ளே தூசி, வீங்கிப்போன கப்பாசிட்டர்கள், கறுத்துப்போன ரிலே. எல்லாவற்றையும் மாற்றினேன், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன். வேலை சுத்தம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

இனி மின்சாரம் கொடுக்க வேண்டும். அதை யாரும் நேரடியாகச் சுவரில் சொருகிக் கொடுப்பதில்லை. இடையில் பழைய காலத்து நூறு வாட் குமிழ் ஒன்றை மாட்டுவோம், சூடாகி எரியும் அந்த இழைக் குமிழ். உள்ளே எங்காவது ஷோர்ட் சேர்கிட் எனும் குறுக்குப் பாய்ச்சல் இருந்தால் குமிழ் முழு வெளிச்சத்தில் எரிந்து, ஆம்பிளிஃபயரைப் புகைய விடாமல் காப்பாற்றும். எல்லாம் சரியென்றால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, மங்கிப்போகும். அந்த மங்கலைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். அந்த வகைக் குமிழ்கள் கடைகளில் இல்லாமல் போய் எவ்வளவோ காலம், என்னிடம் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

சுவிட்சைப் போட்டேன். குமிழ் முழு வெளிச்சத்தில் எரிந்தது, மங்கவே இல்லை. நிறுத்தினேன். ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுப் போட்டேன், எரிந்தது. மற்றப் பக்கத்தையும் கழற்றினேன், எரிந்தது. மூன்று சனிக்கிழமை இப்படியே போயின. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி, ட்ரான்ஸ்ஃபோமரை மட்டும் தனியே விட்டுப் போட்டேன். அப்போதும் அதே வெளிச்சம். சுருளுக்குள் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று முடிவு கட்டினேன். அந்தப் பழுதைச் சாதாரண மீற்றர் காட்டாது, குமிழ்தான் காட்டும். அந்த ட்ரான்ஸ்ஃபோமருக்கு மாற்றும் கிடையாது.

அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன். “ஏலாது அண்ணை. நான் எல்லாம் பாத்திட்டன்.”

“நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும் தங்கச்சி. ஆருக்காவது உதவுமெண்டால் குடுத்துவிடுங்கோ” என்றார். உதிரிப் பாகங்களுக்காக ஹனோவரிலிருந்து ஒரு ஜெர்மன்காரர் வருவதாகப் பேசி முடித்தேன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு என்று குறித்துக்கொண்டோம்.

அன்று காலை எட்டு மணிக்குக் கெல்லருக்குப் போனேன். மனம் கேட்காமல் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம் எரிய விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாற்றமில்லை. சரி, போகட்டும் என்று நிறுத்திவிட்டு, வழக்கம்போலத் துணியைச் சுற்றிக் குமிழைக் கழற்றினேன். துணி நழுவி விரல் கண்ணாடியில் பட்டது.

குமிழ் குளிர்ந்து கிடந்தது. பத்து நிமிடம் எரிந்த நூறு வாட் குமிழ் விரலைப் பொசுக்கியிருக்க வேண்டும். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். அதே பால் வெள்ளை, அதே உருண்டை, ஆனால் எல்ஈடி. அது துளி மின்சாரம் கிடைத்தாலே போதுமென்று எதோடு கொழுவினாலும் மங்காமல் எரியும். மூன்று கிழமையாக நான் இல்லாத பழுதைத் தேடியிருக்கிறேன்.

“இஞ்சாருங்கோ! இந்தப் பல்பை ஆர் மாத்தினது?” என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்தினேன்.

கணவர் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தார். “இப்பதான் கண்டனீரோ? அண்ணையின்ரை பெட்டி வாறதுக்கு முதல் நாள் உருளைக்கிழங்கு எடுக்க வந்தனான். நீர் ஏதோ கொழுவிப்போட்டு மேலை போயிருந்தீர். பாத்தால் பல்ப் உயிர் போற மாதிரி எரியுது. இந்த மங்கலிலை இருந்து கண்ணைக் கெடுக்கிறீரே எண்டு நல்லதா ஒண்டு வாங்கிப் போட்டன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அது கல்யாணமாகி முதன்முதலாக மாற்றிய குமிழ், அதுவும் என் கண்ணுக்காக. அழுகை வந்தது. அதையும் கோபம்போலவே வெளியே விட்டேன்.

“பழசு எங்கை? எறிஞ்சிட்டியளோ?”

“எறியேல்லை. மேலை கொண்டுபோய்ப் போட்டுப் பாத்தன், அங்கை நல்லா எரிஞ்சுது. எனக்கும் புதினமாத்தான் இருந்தது.”

“அதை என்னட்டைச் சொல்லக் கூடாதோ?”

பேப்பரில் சுற்றி மேசை லாச்சியில் வைத்திருந்த குமிழை எடுத்து வந்தார். நான் கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டத் தொடங்கினேன். பதினொரு மணிக்கு மணி அடித்தது. ஹனோவர்காரர் கருவிப் பெட்டியோடு வந்து நின்றார். நடந்ததைச் சொன்னதும் கருவிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு டோர்ச்சை வாங்கிப் பிடித்தார். பாகங்களைக் கழற்றிக்கொண்டு போக வந்த மனிதர், உள்ளங்கையில் திருகாணிகளை ஏந்தி ஒவ்வொன்றாக எனக்கு எடுத்துத் தந்தார்.

சுவிட்சைப் போட்டேன். குமிழ் பளிச்சென்று எரிந்தது, பிறகு மெல்ல மெல்ல மங்கி, உள்ளே இழை மட்டும் சிவந்து தெரிந்தது.

“பாரும், திரும்பவும் மங்குது” என்றார் கணவர்.

“மங்கட்டும். ஆரும் அதைத் தொடக் கூடாது” என்றேன்.

அண்ணைக்கு அழைத்தேன். நான் பிழை என்று ஒத்துக்கொள்ளும் சாதி இல்லை. கறிக்கு உப்புக் கூடினால்கூட உப்பைத்தான் குறை சொல்வேன். மெல்லிய குரலில் ஒரு தடவை சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

“அண்ணை, பிழை என்ரை. பெட்டி நல்லா இருக்குது.”

“என்ன? கேக்கேல்லை தங்கச்சி, பலத்துச் சொல்லுங்கோ!”

“பிழை என்ரை!”

“ஆற்றை?”

“என்ரை அண்ணை! என்ரை பிழை!” கெல்லர் முழுக்க எதிரொலித்தது. ஹனோவர்காரர் நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று பயந்து கணவரைப் பார்த்தார். கணவர் எல்ஈடி குமிழைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

அண்ணை அரை மணித்தியாலத்தில் வந்தார், வீட்டுச் செருப்போடு. கையில் ஒரு வயலின் இசைத்தட்டு. வந்ததும், “என்ன பழுது இருந்தது?” என்று கேட்டார். கணவர் தொண்டையைச் செருமினார். “அதிலை ஒரு பழுதும் இருக்கேல்லை அண்ணை, நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன்” என்று முந்திக்கொண்டேன். மூன்று கிழமை. குறைந்துகொண்டு போகும் காதுகளிடமிருந்து நான் பறித்துக்கொண்ட மூன்று கிழமை. அதை எந்த ஈயத்தாலும் ஒட்ட முடியாது, எனக்கு அது வெட்கமாக இருந்தது.

இசைத்தட்டைப் போட்டு, அவருடைய காதுக்கென்று சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தேன். அண்ணை பியர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து கண்ணை மூடினார். சற்று நேரத்தில் கையை உயர்த்தினார்.

“தங்கச்சி, கொஞ்சம் குறையுங்கோ.”

“கேக்குமோ அண்ணை?”

“கேக்குது. வில்லு திரும்புற இடங்கூடக் கேக்குது. இதுக்கு இவ்வளவு சத்தம் தேவையில்லை.”

குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னார்.