யார்மிலாவுக்குப் போட்ட நாற்காலி

நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு யார்மிலா பாயில் உட்காருகிறாள். உடனே வீட்டுக்காரி பதறிப்போய் அதே நாற்காலியை முந்தானையால் துடைத்துத் திரும்பவும் அவள் பக்கத்தில் போடுகிறாள். இவள் எழுந்து திரும்பவும் சுவரோரம் வைக்கிறாள். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கு அவள் போனாலும் இந்தக் கூத்து உண்டு. நாற்காலி இல்லாத வீட்டார், அவள் வருவது தெரிந்தால் தேவாலயத்துக்கு ஆள் அனுப்பி பிளாஸ்டிக் நாற்காலியை இரவல் வாங்கிவந்து விடுகிறார்கள்.

“நான் என்ன கல்யாணப் பொண்ணா, உக்கார வச்சு வேடிக்கை பாக்க?” என்று சீறுவாள். பெண்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். நாற்காலி மட்டும் நகராது.

ஸ்லோவாக்கியாவில் ஏதோ ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான நர்ஸாக இருந்தவள். சம்பளம் வேண்டாம், வேலை செய்கிறேன் என்று மலாவிக்குப் புறப்பட்டு வந்து, எங்கள் சுகாதார நிலையத்தில் சேர்ந்திருக்கிறாள். நாற்பதைத் தாண்டிய வயது. ஒட்ட வெட்டிய தலைமுடி. யாரோ துரத்துவது போல ஒரு நடை. பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு புல்வேலிதான். விடிந்ததும் அவள் கரியடுப்போடு சண்டை போடுவது கேட்கும். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் வசவு என்றால் எந்தப் பாஷையிலும் புரிந்துவிடுகிறதே. அடுப்பு பற்றிக்கொண்டதும் சத்தம் நின்றுபோகும். அப்புறம் எங்கள் பாஷையில், “வாத்தியாரே, எந்திரிச்சாச்சா? பிள்ளைங்க வந்து நிக்குது, வெக்கமா இல்ல?” என்று எனக்குப் பூசை.

சோளக்களியைக் கையால் உருட்டிக் கீரையில் தோய்த்துச் சாப்பிட ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். தலையில் வாளி வைத்து நடக்க மட்டும் வெகுநாள் பிடித்தது. வீட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் பழகுவதாக நினைத்துக்கொண்டு, ஊரே பார்க்க நனைந்தாள். அடிபம்பில்தான் அவளுக்கு உண்மையான ஆத்திரம் வரும். அவள் தலை தெரிந்ததும் வரிசையில் நிற்கும் பெண்கள் விலகி வழிவிடுவார்கள். இவள் கடைசியில் போய் நிற்பாள். கடைசியில் நிற்பவள் இவளை முன்னால் தள்ளுவாள். இவள் அவளைத் தள்ளுவாள். பம்பு சும்மா நிற்கும். எங்கள் பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. “சிஸ்டரம்மா, நீங்க பிடிச்சுட்டுப் போனாத்தான் நாங்க வீடு போய்ச் சேருவோம்” என்று அவள் வாளியைப் பிடுங்கி நிரப்பி, அவள் வீட்டு வாசல்வரை சுமந்து கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்கள்.

அவளை இங்கே அனுப்பிவைத்த தொண்டு நிறுவனத்து ஆட்கள் ஒருமுறை நகரத்திலிருந்து ஜீப்பில் வந்து, ஊர் வாழ்க்கை பழகிவிட்டதா என்று கேட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு யார்மிலா வேலியருகே வந்து நின்று பொரிந்து தள்ளினாள்.

“நான் பழகிட்டேன் வாத்தியாரே. எலிக்குப் பழகிட்டேன், இருட்டுக்குப் பழகிட்டேன். உங்க ஆளுங்கதான் எனக்குப் பழக மாட்டேங்கறாங்க. எவ வீட்டுக்குப் போனாலும் இருக்கிற ஒத்தக் கோழியை அடிச்சுடறா. நான் கேட்டேனா கோழி?”

அவள் சொன்னது நிஜம். எங்களுக்கு விருந்தாளி என்றால் ஒரு வெறி. பட்டினி கிடந்தாலும் அவர் முன்னால் ஏப்பம் விடுவோம். நோயைச் சொல்ல மாட்டோம், இல்லாமையைச் சொல்ல மாட்டோம். “எப்படி இருக்கே?” என்றால், “நீங்க நல்லா இருந்தா நாங்களும் நல்லா இருக்கோம்.” ஜுரத்தில் கொதிக்கிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் இதே பதில்தான். யார்மிலா மேஜையைத் தட்டுவாள். “இன்னொரு தரம் நல்லா இருக்கோம்னு சொன்னே, அடிச்சுடுவேன். நல்லா இருந்தா ஏன் இங்க வந்தே?” தாய்மார்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். இதை மரியாதை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். பொய் என்றுதான் அதற்குப் பேர் என்று எனக்கு இந்த மழைக்காலத்தில் தெரிந்தது.

என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஃபலேஸி என்பவளுக்கு நாலு பிள்ளைகள். கடைசிப் பெண் மடாலோ வயிறு உப்பி, கால் சூம்பி, நடக்க மறந்து கிடந்தாள். யார்மிலா அவளுக்குக் கடலைப் பசைப் பொட்டலம் கொடுத்தாள். நோஞ்சான் குழந்தைகளுக்கென்றே வருகிற சத்துணவு அது. வாராவாரம் எடை பார்த்தாள். எடை ஏறவில்லை.

“பொட்டலம் குடுக்கிறியா?”

“குடுக்கிறேன் சிஸ்டரம்மா. ஆசையாத் தின்னுறா.”

யார்மிலா பூச்சி மருந்து கொடுத்தாள். ரத்தம் எடுத்து நகரத்துக்கு அனுப்பினாள். வேலியருகே நின்று, “தின்னுற பிள்ளை ஏன் தேறல? எனக்கு என்ன தெரியாமப் போச்சு?” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தடித்த புத்தகம் ஒன்றை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தாள். மடாலோவைத் தன் கையால் நடக்க வைக்காமல் தன் ஊருக்குத் திரும்புவதில்லை என்று என்னிடம் சொன்னாள்.

அறுவடைக்கு முந்தின மாதங்களில் எல்லா வீட்டிலும் சோளம் தீர்ந்துவிடும். ஃபலேஸி வீட்டில் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அடை மழையில் ஒரு பகல் மடாலோவைத் துணியில் சுற்றிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். சாயங்காலம் யார்மிலாவின் கையில் இருக்கும்போதே குழந்தையின் மூச்சு நின்றுபோனது.

மறுநாள் சாவு வீடு. ஆண்கள் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் உள்ளே குழந்தையைச் சுற்றித் தரையில் இருந்தார்கள். வருகிற பெண் ஒவ்வொருத்தியும் தலையில் ஒரு கட்டு விறகோ, ஒரு குடம் தண்ணீரோ, ஒரு தட்டு மாவோ கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவாள். அது இல்லாமல் இங்கே எவளும் சாவு வீட்டு வாசல் மிதிக்க மாட்டாள். யார்மிலா வெள்ளை உடுப்போடு சுகாதார நிலையத்திலிருந்து நேரே வந்தாள். ஊர்த்தலைவர் எழுந்து நாற்காலியை வாசலருகே போட்டார். அவள் உட்காரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே ஃபலேஸியின் அக்கா எனிஃபா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். சந்தையில் தக்காளி விற்கிறவள், வாய்க்கு ஊரே பயப்படும். விருந்தாளியிடம் சொல்லாததை எல்லாம் நாங்கள் பிணத்திடம் சொல்லிவிடுவோம்.

“ஒரு பொட்டலம் வந்துச்சே, நாலு வாய் பாத்துச்சே! உனக்கு மட்டும் எப்படிம்மா ஊட்டுவா உங்க ஆத்தா? நாலாப் பங்கு வச்சுத் தந்தாளே, நக்கிட்டுத் தூங்கினியே!”

யார்மிலாவுக்கு இப்போது எங்கள் பாஷையில் எல்லாமே புரியும். முகம் வெளிறிவிட்டது. நாற்காலியை ஓங்கி உதைத்தாள். அது உருண்டு போய் மழைத்தண்ணீரில் விழுந்தது.

“ஏன் எனக்குச் சொல்லல?” என்று வாசலில் நின்று கத்தினாள். “நாலு பிள்ளைக்கும் குடுத்திருப்பேனே! எத்தனை தரம் கேட்டேன்! ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாதா?”

ஒப்பாரி நின்றது. தலைவர் கையைப் பிசைந்தார். “அம்மா, கோவப்படாதீங்க. நீங்க விருந்தாளி. உக்காருங்க.”

“உக்காரமாட்டேன்! இந்த ‘உக்காருங்க’தான் அந்தப் பிள்ளையைக் கொன்னுச்சு!”

எனக்கு அந்த வார்த்தை செருப்படி போல விழுந்தது. மாமரத்தடியில் ஒருத்தரும் ஒருத்தரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனிஃபா எழுந்து வெளியே வந்தாள். அழுது வீங்கின கண். யார்மிலாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள்.

“ஏண்டி, நீ மட்டும் கேட்டுட்டியாக்கும்? பொட்டலம் குடுத்தியா, குடுத்தியான்னு கேட்டே. மத்த மூணும் என்ன தின்னுச்சுன்னு ஒரு நாள் கேட்டியா? எங்க வீட்டுப் பானையை எட்டிப் பாத்தியா? இப்ப சாவு வீட்டு வாசல்ல வெறுங்கையை வீசிட்டு வந்து நின்னுக்கிட்டு எங்களைக் கேள்வி கேக்கிறியா? உன் விறகு எங்கடி?”

தலைவர், “எனிஃபா!” என்று அதட்டினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் யாரும் அதுவரை யார்மிலாவை ஒரு வார்த்தை திட்டியதில்லை.

யார்மிலா திரும்பி அதே வேகநடையில் சேற்றில் இறங்கிப் போனாள். வண்டி ஏறத்தான் போகிறாள் என்று தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் தலையில் ஒரு விறகுக்கட்டு இருந்தது. சரியாகக் கட்டத் தெரியாமல் ஒரு பக்கம் சரிந்து, இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாள். வெள்ளை உடுப்பெல்லாம் சேறு. யாரும் வாங்கி இறக்கப் போகவில்லை. சாவுக்கு வந்தவர்களுக்குக் களி வேகும் அடுப்படியில் அவளே தடாலென்று போட்டாள்.

எனிஃபா ஒரு கட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே எறிந்தாள். “ஈர விறகு. இதை எவடி ஊதுவா?”

யார்மிலா மண்டியிட்டாள். கன்னம் தரையில் படக் குனிந்து, களிப்பானைக்கு அடியில் அந்த விறகையே செருகி, வாயை வைத்து ஊதினாள். கரும்புகை எழுந்து முகத்தை மூடியது. இருமினாள், கண்ணிலிருந்து நீர் கொட்டியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் ஊதினாள்.