இன்டர்வெலிலேயே கிளைமாக்ஸைச் சொன்னவள்

இன்று மத்தியானம் என் நாத்தனார் கல்பனாவோடு புதுப்படத்துக்குப் போனேன். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

ஹீரோ கைக்குழந்தையாக இருக்கும்போது அம்மா அவனைக் குதிகாலில் பிடித்து, தலைகீழாக வைகையில் முக்கி எடுக்கிறார். வளர்ந்தபின் அரிவாளோ தோட்டாவோ அவனை ஒன்றும் செய்வதில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? நான் காலேஜில் கிரேக்கப் புராணம் நடத்துகிறவள். இன்டர்வெலில் கல்பனாவிடம் கொட்டிவிட்டேன்.

"இது கிரேக்க வீரன் கதைடி. அம்மா பிடிச்ச குதிகால்ல மட்டும் தண்ணி படல. அங்க அம்பு பட்டுத்தான் அவன் செத்தான். கிளைமாக்ஸ்ல இவனுக்கும் அதான்."

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "யக்கா, அலங்காநல்லூர்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்கேன். இப்படிப் போட்டு உடச்சுட்டீங்களே!"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மதினி, இனி வாயத் தொறக்காதீங்க" என்றாள் கல்பனா.

கிளைமாக்ஸில் வில்லன் குதிகாலுக்குக் குறிவைத்தான். "அண்ணே, காலு! காலு!" என்று முன்சீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். நானும்தான்.

குண்டு பட்டது. டங்கென்று சத்தம். ஹீரோ பூட்ஸுக்குள் இரும்புத் தகடு வைத்திருந்தான்!

தியேட்டரே அலறியது. வாழ்க்கையில் முதல்முறையாக நானும் விசிலடித்தேன். காற்றுதான் வந்தது.

வெளியே வரும்போது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏன்க்கா, அந்தக் கிரேக்கத்துக்காரனுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக் குடுக்கணும்னு அம்புட்டுப் பேர்ல ஒருத்தருக்குமா தோணல?"

நாளை வகுப்பில் அந்தப் பாடம்தான். யாராவது இதையே கேட்டால் என்ன சொல்ல? தெரிந்தவர்கள் கமெண்ட்டில் வந்து காப்பாற்றுங்கள்.